ஐந்து வாட்டின் தூரம்

நம் வீடுகளில் விடிய விடிய எரிந்த பழைய ஜீரோ வாட் பல்பு உண்மையில் 15 வாட் வரை மின்சாரம் எடுத்தது. அதில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் கோவையிலிருந்து ஐரோப்பாவுக்குச் செய்தி அனுப்பலாம். மோர்ஸில் 5 வாட்டுக்கு மேல் போவதில்லை என்று தாங்களே வகுத்துக்கொண்ட இந்தக் கட்டுப்பாட்டை ஹாம் எனப்படும் அமெச்சூர் ரேடியோக்காரர்கள் கியூஆர்பி என்பார்கள். ஜெனரல் கிரேடு லைசென்ஸ் உள்ளவருக்கு அரசு 400 வாட் வரை அனுமதிக்கிறது. இருந்தும் 5 வாட்டில் நிற்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்.

கணக்குப் பார்த்தால் இதில் மாயம் ஏதுமில்லை. 100 வாட்டிலிருந்து 5 வாட்டுக்கு இறங்கினால் ஆற்றல் இருபதில் ஒன்றாகிறது, அதாவது 13 டெசிபல் குறைகிறது. எதிர்முனையில் கேட்பவரின் கருவியில் சிக்னலின் பலத்தைக் காட்டும் எஸ்-மீட்டரில் ஒரு புள்ளி என்பது 6 டெசிபல். ஆகவே அவருடைய முள் இரண்டு புள்ளிக்குச் சற்றுக் கூடுதலாக இறங்கும், அவ்வளவுதான். மீதி வேலையை வானம் பார்த்துக்கொள்கிறது. தரையிலிருந்து 250 முதல் 400 கிலோமீட்டர் உயரத்தில் சூரியன் மின்னேற்றி வைத்திருக்கும் எஃப் அடுக்கு, சிற்றலைகளை வளைத்துத் திரும்ப பூமிக்கு அனுப்புகிறது. பகலில் அதற்குக் கீழே இருக்கும் டி அடுக்கு 7 மெகாஹெர்ட்ஸ் அலைகளைப் பெருமளவு விழுங்கிவிடும். பொழுது வெள்ளியங்கிரிக்குப் பின்னால் இறங்கியதும் டி அடுக்கு கரைந்து வழி திறக்கும். சூரியப் புள்ளிகள் மிகுந்த ஆண்டுகளில், 2024-இல் இருந்ததுபோல, 14 மெகாஹெர்ட்ஸும் அதற்கு மேலுள்ள பேண்டுகளும் களைகட்டும்.

ஆண்டெனா என்பதும் பெரிய காரியமில்லை. 7 மெகாஹெர்ட்ஸுக்கு 20 மீட்டர் கம்பி போதும். மொட்டை மாடியிலிருந்து தென்னை மரத்துக்கு இழுத்துக் கட்டி, நடுவில் வெட்டி, கேபிளை இணைத்தால் டைபோல் தயார். கருவிக்குள் சுற்றும் காயிலுக்கு வேண்டிய இனாமல் பூசிய செப்புக் கம்பிக்கு நான் எங்கும் அலைந்ததில்லை. பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைகள் இல்லாத வீதி இந்த ஊரில் குறைவு. கேஜ் சொன்னால் அளந்து தருவார்கள், "இத்துனூண்டுதான் வேணுமுங்களா?" என்று ஒருமுறை பார்த்துவிட்டு.

ஹைதராபாத்தின் அஷர் ஃபர்ஹான் 2000-களின் தொடக்கத்தில் வடிவமைத்த பிட்எக்ஸ் ட்ரான்ஸீவரும் இப்படிப் பிறந்ததுதான். வெளிநாட்டு உதிரிபாகங்களுக்குக் காத்திருக்காமல், நம் ஊர்க் கடையில் கிடைக்கும் சாதாரண ட்ரான்சிஸ்டர்களையும், காயில் சுற்றுவதற்குத் தண்ணீர்க் குழாயில் போடும் வாஷரையும் வைத்துச் செய்யக்கூடிய சில வாட் கருவி அது. அதைப் பிற நாட்டு ஹாம்களும் கட்டினார்கள். விலையுயர்ந்த கருவிதான் தூரத்தைத் தரும் என்ற எண்ணத்தை அது பலரிடம் மாற்றியது. என்னிடமும் மாற்றியது.

5 வாட்டும் அதிகம் என்று எண்ணுபவர்கள் உண்டு. இரட்டைப் பல்சாரைக் கண்டுபிடித்ததற்காக ரஸ்ஸல் ஹல்ஸுடன் 1993-இல் இயற்பியல் நோபல் பெற்ற ஜோ டெய்லரும் ஒரு ஹாம். விண்ணிலிருந்து வரும் மெலிந்த துடிப்புகளை இரைச்சலிலிருந்து பிரித்தெடுத்தவர், 2008-இல் ‘விஸ்பர்’ என்ற முறையைத் தந்தார். அழைப்புக்குறி, இருப்பிடக் கட்டம், வாட் அளவு என்ற மூன்றை மட்டும் அது ஏறத்தாழ 111 வினாடிகள் எடுத்து, வெறும் 6 ஹெர்ட்ஸ் அகலத்தில் அனுப்புகிறது. இருப்பிடக் கட்டத்தில் கோவைக்கு இரண்டு குறிகள். 11-ஆம் அட்சரேகை நகரின் ஊடாக ஓடுவதால் காந்திபுரம் எம்கே81-இலும் உக்கடம் எம்கே80-இலும் விழுகின்றன. காதுக்கு எட்டாத அந்தச் சிக்னலை எங்கோ ஒரு கணினி படித்து, எல்லோரும் பார்க்கும் வரைபடத்தில் பதிகிறது. 0.2 வாட்டில் அனுப்பிவிட்டு, ஆஸ்திரேலியாவில் ஒருவருக்குக் கேட்டிருக்கிறது என்று அதில் பார்க்கும்போது முதலில் எழுவது பெருமிதம்தான்.

ஆனால் பெருமைப்பட வேண்டியவர் அவர். என் கருவி செய்தது மிகச் சிறியது. அவரோ இன்னார் அழைப்பார் என்று தெரியாமல் நாள் முழுக்க ரிசீவரைத் திறந்து வைத்திருக்கிறார். கம்பியை உயர்த்திக் கட்டி, வீட்டின் இரைச்சலை அடக்கி, முகம் தெரியாத யாருக்காகவோ இடம் விட்டு வைத்திருக்கிறார். 400 வாட்டில் கத்துகிறவருக்கு இது தெரிய வாய்ப்பில்லை. தன் பலத்தால்தான் போய்ச் சேர்ந்தோம் என்று அவர் நினைத்துக்கொள்ளலாம். வாட்டைக் குறைக்கக் குறைக்கத்தான் எதிர்முனையில் இருப்பவரின் பங்கு எவ்வளவு பெரியது என்பது புலப்படுகிறது.

அப்படியானால், என் முனை எப்படி இருக்கிறது?

2012-ஐக் கோவைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் இல்லாத காலம். இரவில் தெருவே இருண்டதும் பேட்டரியில் ரிசீவரைப் போட்டால், வழக்கமாக இரைச்சலாலேயே எஸ்-7-இல் நிற்கும் முள் எஸ்-2-க்கு விழும். ஐந்து புள்ளி என்றால் 30 டெசிபல், ஆயிரம் மடங்கு. இன்வெர்ட்டர் வைத்திருந்த ஓரிரு வீடுகளின் முனகல் மட்டும் மிஞ்சும். அதுவரை இல்லாத நிலையங்கள் ஒவ்வொன்றாக எழுந்து வரும். அவை புதிதாக வந்தவை அல்ல. தினமும் அங்கேதான் இருந்தன, எங்கள் தெரு அவற்றை மூடி வைத்திருந்தது. ட்ரான்ஸ்மிட்டரில் இருபது மடங்கைக் குறைப்பதா கூட்டுவதா என்று நாங்கள் வாதிட்டுக்கொண்டிருந்தோம். சுற்றியிருந்த வீடுகளோ ஆயிரம் மடங்கை எடுத்துக்கொண்டிருந்தன. தோட்டத்து மோட்டார் அறையில் இலங்கை வானொலியைத் தெளிவாகக் கேட்டு வளர்ந்த தலைமுறை, இன்று இதே ஊரில் தொலைதூர ஸ்டேஷன்களைத் தேடினால் பெரும்பாலும் கிடைப்பது கரகரப்புதான்.

அப்படி ஓர் இரவில், லேத் பட்டறை வைத்திருந்த பக்கத்து வீட்டு அண்ணன் மாடிக்கு வந்தார். ஹெட்போனை வாங்கி வெகுநேரம் கேட்டார்.

"கரண்ட் வந்தா இதெல்லாம் கேக்காதுங்களா?"

"கேக்காதுங்கண்ணா."

"அப்ப வேற வழி பாருங்க தம்பி. கரண்டு வந்தே ஆகோணும்."

அவருடைய பட்டறையில் ஆர்டர் நின்று போயிருந்தது. கூலிக்கு வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். 1932-இல் பைகாரா நீர்மின் நிலையத்திலிருந்து வந்த மின்சாரம்தான் இந்த ஊரின் மில்களைப் பெருக்கியது. மோட்டாரும் பம்பும் பட்டறையுமாக ஊர் வளர்ந்தது அதன் மேல்தான். அந்த ஊர் இருண்டு கிடக்கும்போது கிடைக்கும் அமைதி எனக்கு வேண்டாம் என்று அன்றே தோன்றிவிட்டது. அடுத்தவர் அடுப்பு எரியாததால் கிடைக்கும் சுத்தமான காற்றை யார் விரும்புவார்கள்?

வேறு வழி இருக்கிறது, பெரிய செலவும் இல்லை. மலிவான எல்இடி பல்பும் சார்ஜரும் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டித் தருகின்றன. அந்த வெட்டின் கூர்மையான விளிம்புகள் மெகாஹெர்ட்ஸ் வரை எதிரொலிக்கும். வீட்டு வயரிங்கே ஆண்டெனாவாகி அதைத் தெருவுக்குப் பரப்பும். உள்ளே ஒரு சிறிய காயிலும் கண்டென்சரும் இருந்தால் பெரும்பகுதி அங்கேயே அடங்கிவிடும். விலையைக் குறைக்கும்போது பல இடங்களில் முதலில் விடுபடுவது அவைதான். இருக்கும் சார்ஜரின் வயரை ஒரு ஃபெரைட் வளையத்தில் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றினாலே மாற்றம் தெரியும்.

ரேடியோவில் பேச எனக்குத் தேர்வு எழுத வேண்டும், லைசென்ஸ் வேண்டும், வாட்டுக்கு வரம்பு உண்டு. என் வீட்டுப் பல்பு எழுப்பும் இரைச்சலுக்கு என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. 1924 ஜூலை 31-இல் சென்னையில் மதராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் ஒலிபரப்பைத் தொடங்கியபோது அவர்களிடம் இருந்தது 40 வாட் கருவி. நகரில் மின்கருவிகள் அரிதாக இருந்த காலம் அது. அந்த அமைதியை அவர்கள் சம்பாதிக்கவில்லை, அது பொதுவில் கிடந்தது. இன்று அது குளத்து நீரைப் போல ஒவ்வொரு வீடும் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கக்கூடியதாகிவிட்டது. ஒவ்வொரு வீடும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தரக்கூடியதும்கூட. எங்கோ 0.2 வாட்டில் அழைக்கும் ஒருவருக்கு ஆஸ்திரேலியர் எனக்குச் செய்ததை நான் செய்ய வேண்டுமென்றால், என் ட்ரான்ஸ்மிட்டரை விட என் மின்சாமான்களைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

இப்போதெல்லாம் பல்பு வாங்கினால் முதலில் ஒன்றே ஒன்றுதான் வாங்குகிறேன். கடையிலேயே சோதித்துப் பார்த்தால் மற்ற விளக்குகளின் சத்தமும் கலந்துவிடும். அதனால் வீட்டுக்குக் கொண்டுவந்து எரியவிட்டு, கையடக்க ரேடியோவை மீடியம் வேவில் ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வைத்து அருகே பிடித்துப் பார்க்கிறேன். சில பல்புகள் போட்ட உடனே ரேடியோவில் உறுமும். சிலவற்றைத் தொட்டாற்போல் பிடித்தாலும் எந்த மாற்றமும் இருக்காது. அந்த வகையில்தான் மீதியை வாங்குகிறேன். எங்கள் தெருவில் சிலர் இப்போது அந்த ரேடியோவை இரவல் கேட்டு வருகிறார்கள்.