துறந்த பலனும் பறிபோன பலனும்

உழைப்பின் பலனை விரும்பாமல் உழைக்க வேண்டும் என்னும் போதனை இந்தியச் சமயச் சிந்தனையில் மிகப் பரவலாக அறியப்பட்டது. பகவத்கீதை வலியுறுத்தும், வடமொழியில் நிஷ்காம கர்மம் எனப்படும் இக்கொள்கை, செயலை விடாமல் செயலின் பயன்மீது உள்ள பற்றை மட்டும் விடுவதைக் குறிக்கிறது. தன் உழைப்பின் பலனைத் தானே மனமுவந்து துறப்பவனுக்கும், அந்தப் பலனைப் பிறர் எடுத்துக்கொண்டதால் இழந்து நிற்பவனுக்கும் என்ன வேறுபாடு என்பது இக்கொள்கையை ஒட்டி எழ வேண்டிய கேள்வி. புறத்தோற்றத்தில் இருவர் கையும் வெறுங்கைதான் என்பதால் இந்தக் கேள்வி எளிதில் மறைந்துவிடுகிறது. இதை ஆராய்வதற்குப் புதுச்சேரியைப் போலப் பொருத்தமான ஊர் தமிழகத்தை ஒட்டிய நிலப்பரப்பில் வேறு இல்லை எனலாம். கீதைக்கு உரை கண்டவர்களும், பலன் பறிபோன ஆலைத் தொழிலாளர்களும் ஒரே காலத்தில், நடந்து செல்லும் தொலைவுக்குள் வாழ்ந்த நகரம் அது.

புதுச்சேரிக்கு வருவோர் பெரும்பாலும் அதைக் கடற்கரை நகரமாகவே காண்கின்றனர். ஆனால் அதன் தொழில் வரலாறு ஆற்றை ஒட்டியது. செஞ்சி ஆறு என்றும் வராக நதி என்றும் பெயர் பெற்ற சங்கராபரணி, வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயிலையும் திருக்காஞ்சியையும் கடந்து கடலை நோக்கி வருகிறது. அந்த ஆற்றுப் பரப்பின் ஒரு கிளையே அரியாங்குப்பம் ஆறு. சைவ மரபில் ஒரு திருத்தலம் மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றால் சிறப்புறுகிறது. மூர்த்தி என்பது எழுந்தருளியுள்ள இறைவடிவம், தலம் என்பது அந்த இடம், தீர்த்தம் என்பது நீராடித் தூய்மை பெறும் ஆறு அல்லது குளம். வில்லியனூருக்கும் திருக்காஞ்சிக்கும் இம்மூன்றும் உண்டு. நகரிலிருந்து கடலூர் சாலையில் தெற்கே சென்றால் முதலில் ஆலைப் பகுதியும், பிறகு அரியாங்குப்பம் ஆற்றுப் பாலமும், அதற்கப்பால் பிரிந்து செல்லும் பாதையில் அரிக்கமேடும் வருகின்றன. இந்த வழியில் தலபுராணம் இல்லை. உழைத்தவர்களின் தடயங்கள் மட்டுமே இருக்கின்றன.

அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு நடத்தினார்; அவருக்குப் பின் கசால், விமலா பெக்லி ஆகியோர் அப்பணியைத் தொடர்ந்தனர். ரோமானிய மதுச்சாடிகளின் உடைந்த துண்டுகள், இத்தாலிய மெருகுப் பானையோடுகள், தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகள், செங்கல் தொட்டிகள் ஆகியவை அங்கே வெளிப்பட்டன. அத்தொட்டிகளைத் துணிக்குச் சாயம் தோய்க்கும் தொட்டிகள் என வீலர் கருதினார். கண்ணாடி மணி செய்வதில் அரிக்கமேடு பெயர் பெற்றிருந்தது. உருகிய கண்ணாடியை மெல்லிய நீண்ட குழலாக இழுத்து, குளிர்ந்த பின் சிறு துண்டுகளாக நறுக்கி, அத்துண்டுகளின் கூர்விளிம்பு மழுங்கும்வரை மீண்டும் சூடேற்றினால் மணி உருவாகும். கடுகைவிடச் சற்றே பெரிதான அந்த மணியின் துளை, குழலை இழுக்கும்போதே அமைந்துவிடுவது; தனியாகத் துளையிட வேண்டியதில்லை. இழுப்பவரின் கை ஒரு கணம் தயங்கினாலும் குழலின் பருமன் மாறிவிடும் என்பதால், ஒரே அளவான மணிகள் ஆயிரக்கணக்கில் கிடைப்பது அந்தக் கைகளின் ஒழுங்குக்குச் சான்றாகிறது. அந்த ஒழுங்கைத் தவம் என்று சொல்லத் தோன்றுவது இயல்பு. ஆயினும் அந்தக் கைவினைஞர் என்ன கூலி பெற்றார், மறுநாள் வேலைக்கு வராமலிருக்க அவருக்கு உரிமை இருந்ததா என்பவை தெரியாமல் அச்சொல்லை வழங்குவது அவசரம். தவம் என்பது விருப்பத்தோடு ஏற்பது. பானையோட்டையும் மணியையும் கொண்டு விருப்பத்தை அளக்க முடியாது.

பிரெஞ்சுக்காரர் காலத்தில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையடைகிறது. புதுச்சேரிப் பகுதியில் அவுரி கொண்டு தோய்த்த நீலத்துணி ‘கினே’ என்ற பெயரில் மேற்கு ஆப்பிரிக்காவுக்கு ஏற்றுமதியானது. 18-ஆம் நூற்றாண்டில் இந்தியப் பருத்தித் துணி ஆப்பிரிக்கக் கரையில் அடிமைகளை விலைக்கு வாங்கும் பண்டங்களுள் ஒன்றாக இருந்தது; 19-ஆம் நூற்றாண்டில் செனகல் ஆற்றங்கரையில் கருவேலம் பிசினுக்கு மாற்றாக இந்த நீலத்துணி கொடுக்கப்பட்டது. 1820-களின் இறுதியில் புதுச்சேரியில் எழுந்த சவானா ஆலையும் இந்த வணிகத்தை ஒட்டியே வளர்ந்தது. பற்றில்லாத செயலே போதும் என்றால், பற்றில்லாமல் நெய்த ஒருவரின் துணி இன்னொரு மனிதனின் விலையாக மாறியதை எங்கே வைப்பது? நெய்தவர் குற்றவாளி அல்லர். தம் துணி எங்கே போகிறது என்பதே அவருக்குச் சொல்லப்படவில்லை. பலனைத் துறக்க வேண்டுமானால் பலன் இன்னது என்றாவது ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அறியாத ஒன்றை எவரும் துறக்க இயலாது.

பெரியபுராணத்தின் நேச நாயனாரை இங்கே ஒப்பிடுவது பயன் தரும். காம்பீலி நகரில் வாழ்ந்த சாலியரான அவர், தறியில் உடையும் கீளும் கோவணமும் நெய்து சிவனடியார்க்கு அளித்தார். கீள் என்பது கோவணத்தைப் பிணிக்க இடையில் கட்டும் துணிக்கயிறு. அவர் கையில் தறி இருந்தது, நெய்த துணி அவருடையதாக இருந்தது, அதை உடுத்தப்போகும் அடியார் அவர் கண்முன் நின்றார். இந்த மூன்றும் கூடியதால்தான் அவருடைய நெசவு தொண்டாயிற்று. குயவரையும் சலவைத் தொழிலாளியையும் மீனவரையும் நாயன்மாராகப் போற்றிய சைவ மரபு, உழைப்பை இறைவழிபாட்டுக்கு நிகராக வைத்தது உண்மை; ஆனால் அவர்கள் எவரும் பிறர் கட்டளைக்கு நேரம் குறித்து உழைத்தவர்களாகக் காட்டப்படவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கெப்ளே ஆலையும், மக்கள் இன்றும் ரோடியர் மில் என்றே சொல்லும் ஆங்கிலோ பிரெஞ்சு ஆலையும் சவானாவுடன் சேர்ந்தன. ஆலைச் சங்கு ஊதியதும் உள்ளே சென்றவர்கள் நாளுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் பஞ்சுத் தூசியில் நின்றனர். பெண்களும் சிறுவர்களும் அவர்களுள் இருந்தனர். நூற்புப் பொறியில் இழை அறுந்தால் சுழலும் கதிரைக் கையால் நிறுத்தி, அறுந்த முனையைத் தேடி எடுத்து, விரலால் முறுக்கிச் சேர்த்து, அடுத்த கதிருக்கு நகர வேண்டும். கண்ணை எடுக்க முடியாத வேலை அது. தியானத்துக்கு வேண்டிய ஒருமுகம் அதற்கும் வேண்டும், எனினும் தியானத்தால் மனம் பெறும் அமைதி அதில் மிஞ்சுவதில்லை.

அதே நகரில் 1908 முதல் 1918 வரை வாழ்ந்த பாரதியார் பகவத்கீதையைத் தமிழாக்கினார். 1910-இல் வந்து சேர்ந்த அரவிந்தர், ‘ஆர்யா’ இதழில் கீதை பற்றிய நீண்ட கட்டுரைத் தொடரை 1916 முதல் 1920 வரை எழுதினார். கீதை வெறும் கடமை உபதேசம் அன்று, செயல் முழுவதையும் இறைவனுக்கு ஆகுதியாக்கும் வேள்வி அது என்பது அவர் வாதத்தின் மையங்களுள் ஒன்று. ஆகுதி என்பது வேள்வித் தீயில் இடும் பொருள். இந்த விளக்கம் கடமையைச் செய், பலனை எதிர்பாராதே என்னும் வழக்கமான சுருக்கத்தைவிட ஆழமானது. ஏனெனில் அச்சுருக்கத்தை யார் வேண்டுமானாலும் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். கூலி குறைப்பவர் கூலி பெறுபவரிடமும் சொல்லலாம். ஆகுதி இடுவதற்கோ முதலில் கையில் பொருள் இருக்க வேண்டும். கீதையின் மூன்றாம் அத்தியாயமும் வேள்வியைக் கொடுத்தும் பெற்றும் நடக்கும் சுழற்சியாகவே காட்டுகிறது. பெற்றதற்கு ஈடாக எதையும் அளிக்காமல் துய்ப்பவரை அது திருடர் என்றே வகைப்படுத்துகிறது. உழைப்பவரிடம் பற்றின்மையைப் போதிக்கும்போது இந்தப் பகுதி ஏனோ நினைவுகூரப்படுவதில்லை. இந்த மறதி தற்செயலானதாகத் தோன்றவில்லை.

1936 ஜூலை 30 அன்று, வ. சுப்பையா முதலியோர் தலைமையில் போராடிய ஆலைத் தொழிலாளர் மீது பிரெஞ்சு அரசின் படையினர் சுட்டதில் பன்னிருவர் உயிரிழந்தனர். பிரான்சில் அப்போது மக்கள் முன்னணி அரசு ஆட்சிக்கு வந்து, அங்குள்ள தொழிலாளர்க்கு வாரம் நாற்பது மணி நேர வேலையைச் சட்டமாக்கியிருந்தது. அதே கொடியின்கீழ் இருந்த புதுச்சேரிக்கு 1937-இல்தான் எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்தது. ஆசியாவிலேயே இதுவே முதல் என்று அவ்வூரில் பெருமையோடு சொல்லப்படுகிறது. பலன் துறவு பற்றிய கேள்விக்கு இந்தப் போராட்டம் விடையின் ஒரு பகுதியைத் தருகிறது. அவர்கள் கூலி உயர்வோடு நேரத்தையும் கேட்டனர். நேரம் தனக்குரியதாக இருக்கும் ஒருவரே அதில் ஒரு பங்கைக் கோயிலுக்கோ, பிள்ளைகளுக்கோ, அண்டை வீட்டாருக்கோ கொடுக்க முடியும். ஆகவே எட்டு மணி நேரக் கோரிக்கை துறவுக்கு எதிரானது என்று கருதுவது பிழை. துறவு சாத்தியமாவதற்கான நிலத்தை அது உண்டாக்கிற்று. உழைப்பைப் போற்றும் ஆயுத பூசையும் இதையே காட்டுகிறது: கருவியைக் கழுவிப் பொட்டிட்டு வைக்கும் நாளில் அக்கருவி வேலை செய்வதில்லை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. ஞானிக்கு வறுமையும் ஒன்று, வளமும் ஒன்று; அகத்தின் விடுதலைக்குப் புறநிலை தடையன்று என்று வேதாந்திகள் கூறுவர். அது ஞானியைப் பற்றிய உண்மை. ஞானி தன்னைக் குறித்து அதைச் சொல்லிக்கொள்ளலாம்; பிறரின் பசியைக் குறித்து அதைச் சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை.

இனி, ஆலைகளைக் கடந்து அரிக்கமேட்டுக்குச் செல்லும் அந்த வழியில் வருவோர் காண்பது தலமா, வெறும் இடிபாடா? ரோடியர் மில் 2020-இல் மூடப்பட்டுவிட்டது. அங்கே மூர்த்தியும் இல்லை, தீர்த்தமும் இல்லை. ஆனால் தமிழ் மரபில் கோயிலுக்கு முந்தியதொரு புனிதம் உண்டு. ஆநிரை காத்து மாண்டவருக்குக் கல்லெடுக்கும் நடுகல் வழக்கத்தைத் தொல்காப்பியம் படிப்படியாக விவரிக்கிறது. கல்லைக் கண்டெடுத்து, நீராட்டி, நட்டு, வாழ்த்தும் படிகள் அவற்றுள் உண்டு. ஊரின் செல்வத்தை மீட்கப் போய் இறந்தவரை ஊரே தெய்வமாக்கிக்கொள்ளும் முறை அது. ஆண்டுதோறும் ஜூலை 30 அன்று, சுடப்பட்டு இறந்த தொழிலாளரின் நினைவுச் சின்னத்தில் மாலை சாத்தும் தொழிற்சங்கத்தினர் இதை அரசியல் நிகழ்ச்சி என்றே கருதக்கூடும். எனினும் அச்செயல் நடுகல் வழிபாட்டின் வரிசையில் நேராகப் பொருந்துகிறது. அன்று மீட்கப்பட்ட ஆநிரை, மனிதரின் வேலை நேரம்.

யாத்திரை செல்வோர் தலத்தின் நோன்பைத் தாமும் ஏற்பது வழக்கம். புதுச்சேரிக்கு ஓய்வு தேடி வருவோருக்காக இன்று அதே நகரின் விடுதிகளிலும் உணவகங்களிலும் இரவு நெடுநேரம் நிற்பவர்கள் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறார்கள், அவர்களுக்கு வார விடுப்பு உண்டா என்று விசாரிப்பது இந்தத் தலத்துக்குரிய நோன்பாக அமையும்.