கையெழுத்தும் மனச்சான்றும்

வீடு கட்டக் கடன் கேட்டு ஒரு தாய் வங்கிக்குச் செல்கிறாள். தடித்த தாள்கட்டு ஒன்று அவள்முன் வைக்கப்படுகிறது. பென்சிலால் குறியிட்ட இடங்களிலெல்லாம் அவள் கையெழுத்திடுகிறாள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க அவளுக்குத் தயக்கம். எடுத்துச் சொல்ல அலுவலருக்கு நேரமில்லை. நம்மில் பலரும் கண்ட காட்சிதான் இது. சட்டப்படி இதில் குறையேதும் இல்லாதிருக்கலாம். நீதிப்படி?

இந்திய ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரலில் ஓர் ஆணை பிறப்பித்தது. அதன்படி அவ்வாண்டு அக்டோபர் 1 முதல், தனிநபர்களுக்கும் சிறுதொழில் செய்வோருக்கும் தவணைக் கடன் வழங்கும் வங்கி, கடனின் முக்கிய விவரங்களைத் தொகுத்து முன்னதாகவே தரவேண்டும். அது கடன் கேட்பவருக்குப் புரியும் மொழியில் இருக்கவேண்டும். வட்டியோடு பிற கட்டணங்களும் சேர்ந்து ஆண்டுக்கு எத்தனை விழுக்காடு ஆகிறது என்பதை அது காட்டவேண்டும். அதில் சொல்லாத கட்டணத்தை அவருடைய வெளிப்படையான ஒப்புதலின்றிப் பின்னர் வசூலிக்க இயலாது. 7 நாள்களோ அதற்கு மேலோ காலமுள்ள கடனாயின், எண்ணிப் பார்க்கக் குறைந்தது 3 வேலைநாள்கள் உண்டு. விவரங்களை விளக்கியபின், புரிந்துகொண்டதாக அவரிடம் ஒப்புகையும் பெறவேண்டும்.

இங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்கவேண்டும். புரிந்துகொண்டதற்குச் சான்றும் ஒரு கையெழுத்தே! முன்பு இருபது இடங்களில் கையெழுத்திட்டவள், இனி இருபத்தோராவது இடத்திலும் இடுவாள். தணிக்கைக்கு வருபவர் தாளைப் பார்ப்பார். அந்தத் தாய் எதை விளங்கிக்கொண்டு வீடு திரும்பினாள் என்பதை அவர் பார்க்கமுடியாது. அதை அறியக்கூடியவர் மேசைக்கு அப்பால் அமர்ந்திருந்த அலுவலர் ஒருவரே. சட்டம் தன் கை எட்டும் தொலைவுவரை வந்து நின்றுவிடுகிறது. எஞ்சிய தொலைவை மனச்சான்றுதான் நடந்து கடக்கவேண்டும்.

அப்படியானால் விதியைச் சற்றுத் தளர்த்தி ஏழைக்கு இரங்குவதே அறமாகாதா எனச் சிலர் கேட்கலாம். வங்கி வழங்குவது அலுவலரின் சொந்தப் பணமன்று. யாரோ ஒரு முதியவர் தம் கடைசிக் காலத்திற்கெனச் சேர்த்துவைத்த பணமும் அதில் உண்டு. மேலும், திருப்பிச் செலுத்தும் ஆற்றலை ஆராயாமல் கொடுத்த கடன், வாங்கியவரையே முதலில் வீழ்த்தும். எனவே, விதியைப் பொருளுணர்ந்து முழுமையாக நிறைவேற்றுவதே இங்கு மெய்யான இரக்கம்.

கடனுக்கு விதி வகுப்பது இன்று நேற்று தோன்றிய வழக்கமன்று. அடகு வாங்கச் செல்பவன் கடன்பட்டவனின் வீட்டிற்குள் நுழையாமல் வெளியே நிற்கவேண்டும் என்றும், ஏழையின் மேலாடையைக் கதிரவன் மறையும் வேளையில் திருப்பித் தரவேண்டும் என்றும் இணைச்சட்ட நூலின் 24ஆம் அதிகாரம் பணிக்கிறது. கடன்பட்டவனுக்கும் மானமுள்ள ஒரு வாசல் உண்டு, குளிரும் ஓர் இரவு உண்டு என்பதை அது மறக்கவில்லை. கடனை முழுதும் அடைத்தவரின் சொத்துப் பத்திரங்களை 30 நாள்களுக்குள் திருப்பித் தராமல் தன் தவற்றால் தாமதிக்கும் வங்கி, நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என 2023இல் பிறந்த ஆணையிலும் அதே அக்கறையின் சாயலைக் காண்கிறோம்.

நம் குடும்பங்களில் வங்கிப் பணியாளர்கள் உள்ளனர்; கடன் பெற்றோர் உள்ளனர்; பிறருக்காகப் பிணை நிற்போரும் உள்ளனர். மாதத் தவணை எவ்வளவு, எத்தனை ஆண்டுகள், தவறினால் என்ன நேரும் என்பவற்றை விளக்கிய அலுவலர், கடன் பெறுபவரையே ஒருமுறை திருப்பிச் சொல்லச் செய்தால் என்ன? அதற்கு ஐந்து மணித்துளிகள் போதும். கடன் பெறும் நாமும், கேட்பது இழுக்கென்று எண்ணாமல் கேட்போமாக. பேனாவை நீட்டும் கையும் அதை வாங்கும் கையும் அந்த ஐந்து மணித்துளிகள் பொறுத்திருக்குமானால், தாளில் விழும் கையெழுத்து உண்மையாகவே ஒப்புதலாகும்.