அங்கன உனக்கு என்ன சோலி?

போன வருசம் சாரல் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடிவதற்கு முன்னால் எழுந்து கிளம்பிக்கொண்டிருந்தேன். அடுப்படியில் இருந்த அம்மா, "இந்நேரத்துக்கு எங்கட்டி போற?" என்று கேட்டாள். மலைக்கு என்றேன்.

"மலைக்கா? அங்கன உனக்கு என்ன சோலி?"

எங்கள் பக்கத்தில் வேலையைச் சோலி என்றுதான் சொல்வோம். "சோலி ஒண்ணும் இல்லம்மா. பத்துப் பதினஞ்சு பேரு சேந்து போறோம். சும்மா நடந்துட்டு, மத்தியானம் கொளத்துல படகு விட்டுட்டு வருவோம்" என்றேன். "சும்மாவா? சும்மா யாராவது மலைக்குப் போவாகளா?" என்றாள். அது கேலி இல்லை. உண்மையிலேயே அவளுக்குப் புரியவில்லை.

அம்மாவுக்கு மலை தெரியாமல் இல்லை. கல்யாணமான புதுசிலிருந்து பல வருசம் குற்றாலத்து மலையில் விறகு பொறுக்கியவள். இருட்டோடு ஏறி, சுள்ளியும் கட்டையுமாகச் சேர்த்துக் கட்டி, சும்மாட்டின் மேல் ஏற்றிக்கொண்டு இறங்கி, தென்காசி ஓட்டல்களுக்குக் கொண்டுபோய்ப் போடுவாள். வாச்சர் கண்ணில் பட்டால் அரிவாளும் போகும், கட்டும் போகும். செண்பகாதேவிக்குப் போகிற பாதையில் ஒவ்வொரு கல்லும் அவள் காலுக்குத் தெரியும். ஆனால் செண்பகாதேவி அருவியில் அவள் ஒரு தடவைகூடக் குளித்ததில்லை. ஏன் என்று கேட்டால், "சொமைய எறக்கி வெச்சா மறுபடி யாருட்டி தூக்கி விடுவா?" என்பாள்.

அம்மா கேட்ட இதே கேள்வியை நான் வேறொரு வாயிலிருந்தும் கேட்டிருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது, ஒரு மார்கழிக் காலையில், பள்ளிக்கூடம் போகிற வழியில் ஊர்த் தெருவில் ஒரு வீட்டு வாசலில் போட்டிருந்த பெரிய கோலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். திண்ணையில் இருந்தவர் கேட்டார்: "ஏய், இங்க உனக்கு என்ன சோலி?" அடிக்கவில்லை, வையவில்லை. கேட்டார், அவ்வளவுதான். அதே தெருவுக்குத்தான் என் அம்மா தினமும் தொழுவத்தில் சாணி அள்ளப் போவாள். அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவளுக்கு அங்கே சோலி இருந்தது. கோலம் பார்ப்பது சோலி இல்லை.

தீண்டாமையை 'விலக்கி வைத்தல்' என்றே நாம் எழுதுகிறோம், மேடையில் பேசுகிறோம். அது பாதி உண்மைதான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. ஊர்க் கிணற்றை வெட்டும்போது உள்ளே இறங்கியவர்கள் யார்? என் தாத்தா மடைக்குடும்பர். குளம் பெருகிக் கிடக்கும்போது முங்கிப் போய், மடையின் அடைப்பைத் தூக்கித் தண்ணீர் திறந்துவிடுவது அவர் வேலை. அந்தக் குளத்தின் ஆழம் அவரளவுக்குத் தெரிந்தவர் ஊரில் கிடையாது. ஆனால் ஊர்ப் படித்துறையில் அவர் கால் நனைக்க முடியாது. வேலையாளாகத் தண்ணீருக்கு அடிவரைக்கும் போகலாம். மனுசனாக அதன் படிக்கட்டில் உட்காரக் கூடாது. சாதி நம்மைப் பல இடங்களுக்கு அனுமதித்துத்தான் வந்திருக்கிறது, சோலியோடு. அது பறித்துக்கொண்டது, காரணம் சொல்லாமல் ஓர் இடத்தில் நிற்கிற உரிமையை.

*

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். தென்காசியில் சிலர் சேர்ந்து நடத்துகிற குழு அது. டாக்டர், பேங்க் அதிகாரி, வாத்தியார், கடைக்காரர் என்று பலரும் இருக்கிறார்கள். மாதம் ஒன்றிரண்டு ஞாயிற்றுக்கிழமை கூடி, அனுமதி உள்ள பாதையில் மலையடிவாரத்தில் நடப்பார்கள். குளம் நிறைந்திருந்தால் காயாக் விடுவார்கள். ஒருவரோ இருவரோ காலை நீட்டி உட்காரக்கூடிய ஒல்லியான படகு அது. இரண்டு முனையிலும் தட்டை வைத்த துடுப்பு. என்னைக் கூட்டிப் போன டீச்சர் தோழி முன்கூட்டியே சொன்னாள்: "இங்க யாரும் சாதி கேக்கிறதில்லப்பா."

உண்மைதான். யாரும் கேட்கவில்லை. ஒரே பொட்டலத்தில் இருந்து இட்லி எடுத்துத் தின்றோம். ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்தோம். மழைக்கோட்டு கொண்டு போகாத எனக்கு ஒருவர் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தார். இதையெல்லாம் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னதாகும்.

படகில் உட்கார்ந்தபோது முதலில் பயம். நீச்சல் தெரியாது, மிதவைச் சட்டையை நம்பித்தான் இறங்கினேன். பத்து நிமிசத்தில் பயம் போய்விட்டது. தண்ணீர் இடுப்பு உயரத்தில், கை நீட்டினால் தொடும் தூரத்தில். நீர்க்கோழி ஒன்று தாமரை இலைகளுக்கு இடையில் ஓடியது. மேற்கே மலை முழுக்க மேகம். குளக்கரையை அன்றைக்குத்தான் தண்ணீருக்குள் இருந்து பார்த்தேன். தாத்தா பார்த்தது இந்தப் பக்கத்திலிருந்துதானே என்று நினைத்தேன். அந்த அரை மணி நேரம் நான் யாருக்கும், எதற்கும் பயன்படவில்லை. என் வாழ்க்கையில் அப்படி ஓர் அரை மணி நேரம் இருந்ததாக ஞாபகம் இல்லை.

கரைக்கு வந்தபோதுதான் அவனைக் கவனித்தேன். வேனிலிருந்து படகுகளை இறக்கித் தலையில் தூக்கிக்கொண்டு கரை தாண்டி வந்தவன். திரும்பக் கழுவி அடுக்குகிறவன். இருபது வயசு இருக்கலாம். "எந்த ஊருப்பா? எந்தத் தெரு?" என்று கேட்டேன். சொன்னான். எங்கள் தெருவைப் போன்ற ஒரு தெரு. அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் சாதி கேட்ட ஒரே ஆள் நான்தான்.

"தம்பி, நீயும் ஒரு சுத்து சுத்திட்டு வாயேன்" என்றேன்.

"இல்லக்கா. எனக்குச் சோலி கெடக்கு."

*

இந்த விசயத்தைத் தோழர்களிடம் சொன்னபோது ஒருவர் கோபப்பட்டார். "2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளிக்கூடத்துப் பிள்ளையையும் தடுக்கப் போன தங்கச்சியையும் வீடு புகுந்து வெட்டினான். நீ குளத்துல படகு விட்டுக்கிட்டு இருக்க" என்றார். அவர் கேட்டதும் அதே கேள்விதான். அங்கே உனக்கு என்ன சோலி? திண்ணைக்காரர், அம்மா, தோழர் மூன்று பேரும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள். நம்மவர்களே அதைக் கேட்கும்போதுதான் அது எவ்வளவு ஆழமாக நம் எலும்புக்குள் இறங்கியிருக்கிறது என்று தெரிகிறது. போராட்டத்துக்குப் போகலாம், கூட்டத்துக்குப் போகலாம், பிணம் வாங்க ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகலாம். சும்மா போகக் கூடாது.

ஆனால் தோழர் கேள்விக்குள் ஒரு நியாயமும் இருக்கிறது. எல்லோருக்கும் கிடைக்காத ஓர் இன்பத்தை நான் ஒருத்தி போய் எடுத்துக்கொள்ளலாமா? இதற்கு நம் வரலாற்றில் இரண்டு பதில்கள் உண்டு.

1934 ஜனவரியில் காந்தி குற்றாலம் வந்தபோது, தாழ்த்தப்பட்டவர்கள் குளிக்க முடியாத அருவியில் தானும் குளிப்பதில்லை என்று திரும்பிப் போனதாக இந்தப் பகுதியில் சொல்வார்கள். நல்ல மனசுதான். குளிக்காமல் போனவர் பேர் நிற்கிறது. குளிக்க முடியாமல் போனவர்களுக்குப் பேரே இல்லை. அதற்கு ஏழு வருசம் முன்னால், 1927 மார்ச் 20ஆம் தேதி, மகாத் நகரத்துச் சவுதார் குளத்தில் அம்பேத்கர் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார். அவர் பின்னால் வந்த ஆயிரக்கணக்கானோரும் குடித்தார்கள். இந்தத் தண்ணீர் இல்லாமலும் நாம் இத்தனை காலம் உயிரோடுதான் இருந்தோம், மற்றவர்களைப் போல நாமும் மனிதர்கள் என்று நிலைநாட்டவே இங்கே வந்திருக்கிறோம் என்பது அந்தப் போராட்டத்தின்போது அவர் பேசியதன் சாரம். தாகம் என்ற காரணத்தைக்கூட அவர் தேவைப்படவில்லை என்று ஒதுக்கிவிட்டார்.

விலகி நிற்பது, விலக இடம் உள்ளவனின் அறம். நமக்கு உரியது இறங்குவது. ஆனால் மகாத்தில் அவர் தனியாகப் போய்க் குடித்துவிட்டு வரவில்லை. அந்த இடத்தில்தான் என் படகுச் சவாரி இடிக்கிறது. நான் மட்டும் ஏறிப் போனேன். என் படகை அவன் தூக்கி வந்தான்.

*

தமிழ் படித்தவள் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். சைவ மரபில் சும்மா இருப்பது பெரிய நிலை. சித்தர்களும் ஞானிகளும் அதற்காக ஏங்கியிருக்கிறார்கள். அதே 'சும்மா' எங்கள் தெருவுக்கு வந்தால் குற்றமாகிவிடுகிறது. "சும்மா திரியுதான்" என்றால் களவாணி என்று அர்த்தம். மேலே இருப்பவர்களுக்குச் சும்மா. எங்க அம்மாவுக்குச் சும்மாடு.

குற்றாலக் குறவஞ்சியை எடுத்துப் பாருங்கள். இந்த மலையின் அழகையெல்லாம் திரிகூடராசப்பக் கவிராயர் குறத்தி வாயில்தான் வைக்கிறார். என் மலை என்று அவள் உரிமையோடு சொல்கிறாள். ஆனால் நாயகி வசந்தவல்லி தெருவுக்கு வருவது பந்தடித்து விளையாட. குறத்தி வருவது கூடையும் மாத்திரைக்கோலுமாகக் குறி சொல்ல. மலைக்குச் சொந்தக்காரிக்கும் தெருவில் நிற்க ஒரு சோலி வேண்டியிருக்கிறது.

இது இலக்கியத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுத வேண்டிய அவசியம் இல்லை. எங்களுக்குத் தெற்கே, களக்காடு முண்டந்துறைக் காட்டுக்கு நடுவில் மாஞ்சோலை இருக்கிறது. 1929இல் சிங்கம்பட்டி ஜமீன் பாம்பே பர்மா கம்பெனிக்கு 99 வருசக் குத்தகைக்குக் கொடுத்தது, எட்டாயிரம் ஏக்கருக்கு மேல். அங்கே அட்டைக்கடியிலும் குளிரிலும் கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். 1999 ஜூலை 23ஆம் தேதி அவர்களுக்காகத் திருநெல்வேலியில் கலெக்டர் ஆபீசுக்குப் போன ஊர்வலத்தைப் போலீஸ் அடித்துத் தாமிரபரணிக்குள் விரட்டியதில் ஒரு குழந்தை உட்பட 17 பேர் செத்தார்கள். 2024இல், குத்தகை முடிய நாலு வருசம் இருக்கும்போதே, கம்பெனி தோட்டத்தை மூட முடிவு செய்து, விருப்ப ஓய்வு என்று தொழிலாளர்களிடம் கையெழுத்து வாங்கியது. வேலை முடிந்தது, வீட்டைக் காலி செய் என்றார்கள். அந்த மலையில் பிறந்து, அந்த மலையில் தாய் தகப்பனைப் புதைத்தவர்கள் அவர்கள். தலைமுறை தலைமுறையாக இருந்த இடத்தில், சோலி முடிந்த மறுநாள் அவர்கள் அந்நியர்கள்.

அதே 2024 அக்டோபரில்தான் அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 மலைப் பாதைகளைக் கட்டணம் கட்டி நடப்பவர்களுக்குத் திறந்தது. அந்தத் திட்டத்தின் மேல் எனக்குக் காய்ச்சல் இல்லை. மலைவாழ் இளைஞர்களுக்கு அதில் வழிகாட்டி வேலை கிடைக்கிறது. காடு பிழைக்க வேண்டும் என்பதிலும் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். பணம் இருப்பவர் சும்மா ஏறலாம். நாம் சோலியோடு ஏறலாம். சோலி போனால் இறங்கிவிட வேண்டும். ஓர் இடம் பொது இடமா இல்லையா என்பதை, அங்கே யாரைத் தடுக்கிறார்கள் என்பதை வைத்து மட்டும் பார்த்தால் போதாது. அங்கே யார் சும்மா நிற்கிறார்கள், யார் சோலியோடு நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். சாதி கேட்காத அந்த நல்ல மனுசர்களின் குளக்கரையில் நான் கற்றது இதுதான்.

*

அடுத்த தடவை போனபோது, அவரவர் படகை அவரவரே தூக்கலாமே என்று சொன்னேன். சிலர் சரி என்றார்கள். ஒருவர், "அப்ப அந்தப் பையனுக்குக் கூலி போயிருமே மேடம்" என்றார். அதுவும் உண்மை. கூலியும் குறையாமல், ஒரு மணி நேரம் அவனும் படகில் ஏற வேண்டும் என்று பேசி முடிவு செய்தோம். அவனிடம் சொன்னபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டான்: "அந்த ஒரு மணி நேரத்துக்குச் சம்பளம் பிடிப்பாகளாக்கா?" பிடிக்க மாட்டார்கள் என்றேன். அவன் நம்பவில்லை. இன்னும் ஏறவில்லை.

அதற்குப் பிறகு ஒருநாள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஐந்தருவி ரோட்டுக்குப் போனேன். வெண்ணமடைக் குளத்தில் படகு ஓடிக்கொண்டிருந்தது. படகில் ஏற மாட்டேன் என்றுவிட்டாள். கரையில் உட்கார்ந்தோம். அவள் கண் மரத்தடியிலேயே நின்றது. "நல்லாக் காஞ்ச கட்டையா கெடக்கு பாரு, எடுக்க நாதியில்ல" என்றாள். எழுந்து இரண்டு சுள்ளியைப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டாள். எதற்கு என்று அவளுக்கும் தெரியவில்லை. வீட்டில் கேஸ் அடுப்பு. நான் ஒன்றும் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மேகம் விலகியது. அம்மா தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஏட்டி, இந்த மலை இம்புட்டுப் பெருசாவா இருக்கு?"

அத்தனை வருசம் ஏறி இறங்கியவள் கேட்கிறாள். சுமையோடு வந்தவளுக்குப் பாதையும் தன் பாதமும்தான் தெரிந்திருக்கிறது. பிறகு, "வா போவோம், வீட்டுல சோலி கெடக்கு" என்றாள்.

"இருக்கட்டும்மா. இன்னும் கொஞ்ச நேரம் இருப்போம்."

இருந்தாள். சுள்ளி மட்டும் கையை விட்டுப் போகவில்லை.