உண்டியலில் மிச்சக் காசு

பொருள் தேடுவதும் அறநெறிக்கு உட்பட்டதே என்பது நம் முன்னோர் கொள்கை. திருவள்ளுவ நாயனார் ‘பொருள் செயல்வகை’ என ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். ஆனால் அப்பொருளைப் பற்றி ஐந்து வயதுப் பிள்ளைக்கு விளக்கப் புகுந்தால் பெரியவர்கள் பாடு திண்டாட்டந்தான்.

வருடப்பிறப்பன்று கைவிசேடமாகக் கிடைத்த 100 ரூபாயை வங்கியில் இட்ட பிள்ளை, மறுமுறை அங்கே போனதும் “என்ர காசைக் காட்டுங்கோ” என்று கேட்கும். அதனை வேறொருவருக்குக் கடனாகக் கொடுத்திருப்பார்கள் என்றால், “என்னைக் கேளாமல் ஏன் குடுத்தவை?” என்று அழும். அதற்காகத்தான் வட்டி தருகின்றார்கள் என்றால், “காசு குட்டி போட்டதோ?” என வியக்கும்.

திருவிழாக் காலத்தில் மற்றொரு வேடிக்கை. உண்டியலில் காசைப் போட்டுவிட்டு அசையாமல் நிற்கும் பிள்ளையைக் கூப்பிட்டால், “பிள்ளையார் இன்னும் மிச்சக் காசு தரேல்லை” என்று பதில் வரும். கடையில் கொடுத்தால் பொருளும் மிச்சமும் வரும். வங்கியில் கொடுத்தால் கூடி வரும். உண்டியலில் கொடுத்தால் என்ன வரும்? பிள்ளையின் கேள்வியில் பிழையில்லை. பரீட்சையில் சித்தியடைந்தால் 108 தேங்காய், விசா கிடைத்தால் ஒருநாட் பூசை என்று நேர்த்தி வைக்கின்றோம். காரியம் கைகூடாவிட்டால் இறைவனையே கோபிக்கின்றோம். இதுவும் உண்டியலடியில் மிச்சத்துக்குக் காத்து நிற்பதல்லவா?

திருவீழிமிழலையில் நிகழ்ந்ததைச் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் கூறுகின்றார். பஞ்ச காலத்தில் அடியார்களுக்கு அமுதளிக்கும் பொருட்டு, அப்பருக்கும் சம்பந்தருக்கும் இறைவன் நாள்தோறும் ஒவ்வொரு பொற்காசு அருளினார். அப்பர் பெற்றது நற்காசு. சம்பந்தர் பெற்றதோ வாசியுள்ள காசு. அதை மாற்றும்போது வட்டம் கழிக்கப்பட்டதால், அவரது மடத்தில் உணவு ஆக்கப் பிந்தியது. அப்பர் கைத்தொண்டு செய்பவராதலால் நற்காசு பெற்றார் என்பதைச் சம்பந்தர் உணர்ந்தார். அவர் பதிகம் பாடி வேண்டியபின் அவருக்கும் நற்காசு கிடைத்தது.

அப்படியாயின் தொண்டுக்கு இறைவன் கொடுத்த கூலியா அது? அன்று. பஞ்சம் வருமுன்னரே, எந்தக் காசையும் எதிர்பாராமல், உழவாரம் ஏந்தித் திருக்கோயில்களிற் பணி செய்தவர் அப்பர். அருளாகப் பெற்ற காசிலும் இருவரும் தமக்கென எதுவும் வைக்கவில்லை. அது பசித்தவர் வயிற்றுக்கே போயிற்று.

ஆகவே அந்தப் பிள்ளையை மடைப்பள்ளிக்கு அழைத்துச் சென்று, அன்னதானப் பந்தியைக் காட்டி, “உன்ர மிச்சக் காசு இஞ்சை இருக்கு, அப்பன். இவையள் சாப்பிடுகினம்” என்று சொல்லலாம். கையில் ஓர் அகப்பையையும் கொடுத்துப் பரிமாற விடலாம். வட்டியும் கடனும் வளர்ந்தபின் தானாகவே விளங்கும். திரும்பி வராத கொடையை இளமையிலேயே காட்டிக் கொடுக்க வேண்டும். அவ்வாறு காட்டுவதற்கு உண்டியற் பணம் உண்மையிலேயே பந்திக்கு வந்து சேர வேண்டும், அதன் கணக்கும் ஊரறிய இருக்க வேண்டும். இது பெரியவர்களாகிய நம் கடமை.

கொடுத்ததற்கு மிச்சம் கேளாத மனத்தை எம்பெருமான் நம் அனைவருக்கும் அருள்வாராக.