தூதனின் வாய்மை

பகைமை பூண்ட இரண்டு வல்லரசுகளின் மந்திரிகள் சந்தித்துப் பிரிந்த மறுநாள் காலையில் ஆங்கிலப் பத்திரிகையைக் கையில் எடுக்கிறவன், அதிலுள்ள சொற்களுக்கு அகராதி தரும் பொருளை மட்டும் நம்பிப் படித்தானானால், உலகத்தில் சண்டை சச்சரவே இல்லை என்று தீர்மானித்துக்கொண்டு நிம்மதியாக வேறு காரியம் பார்க்கப் போய்விடலாம். ‘ஃபிராங்க்’ ஆகப் பேசினார்கள் என்றிருந்தால் கடுமையான வாக்குவாதம் நடந்தது என்றும், ‘கன்ஸ்ட்ரக்டிவ்’ என்றிருந்தால் காரியம் ஒன்றும் முடியவில்லை, ஆயினும் மறுபடி சந்திக்க இருவருக்கும் சம்மதம் என்றும், ‘கன்ஸர்ன்’ தெரிவித்தார்கள் என்றிருந்தால் இப்போதைக்கு வாய்வார்த்தையோடு சரி என்றும் பொருள்கொள்ளப் பழகியவர்களுக்கே அந்தச் செய்தி விளங்கும். இந்தப் பழக்கம் சில மாதங்களில் வந்துவிடும். அதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. அதற்கு அப்பால் நிற்கும் தர்ம விசாரந்தான் கடினமானது. அறைக்குள் இருக்கும் இருவருக்கு ஒரு பொருளும், வெளியே காத்திருக்கும் ஜனங்களுக்கு வேறொரு பொருளும் தரும்படி, தெரிந்தே, திட்டமிட்டுச் சொல்லப்படும் சொல் சத்தியமா, அசத்தியமா?

கிறிஸ்தவ மரபில் புனித அகஸ்டீன், எவ்வளவு நல்ல நோக்கத்தோடு சொல்லப்பட்டாலும் பொய் பாவமே என்று சாதித்தார். ஜெர்மானிய தத்துவ ஞானி காண்ட், 1797-இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையில், கொலைகாரன் ஒருவன் வாசலில் வந்து நின்று உள்ளே ஒளிந்திருக்கும் உன் நண்பனைப் பற்றிக் கேட்டாலும் அவனிடம் பொய் சொல்ல உனக்கு உரிமை கிடையாது என்று, படிப்பவர் திடுக்கிடும்படி முடிவு கட்டினார். மகாபாரதமோ, அசுவத்தாமன் மாண்டான் என்று உரக்கச் சொல்லி, மாண்டது யானை என்பதை மட்டும் துரோணர் காதில் விழாதபடி யுதிஷ்டிரர் தணித்துச் சொன்ன கணத்தில், அதுவரை பூமியில் படாமல் ஓடிய அவருடைய தேர் தரையில் இறங்கிவிட்டது என்கிறது. அவர் சொன்ன வாக்கியம் எழுத்தளவில் மெய்யே. அப்படியிருந்தும் தேர் இறங்கியது.

வள்ளுவர் இவர்களில் எவரோடும் முழுதும் சேரவில்லை. வாய்மை அதிகாரத்தைத் துறவறவியலிலும், தூது அதிகாரத்தைப் பொருட்பாலிலும் அமைத்த அவர், பிறருக்குத் தீங்கு விளைக்காத சொல்லே வாய்மை என்று தொடங்கி, பொய்கூட வாய்மையின் ஸ்தானத்தைப் பெறலாம் என்று அடுத்த குறளிலேயே இடங்கொடுக்கிறார். கொடுத்த கையோடு, அதனால் விளையும் நன்மை குற்றமற்றதாக இருக்கவேண்டும் என்று ஒரு காவலும் போடுகிறார். மேடைகளில் இக்குறளைச் சொல்கிறவர்களில் பலர் நன்மையை எடுத்துக்கொண்டு அந்த அடைமொழியை விட்டுவிடுகிறார்கள். என் அபிப்பிராயத்தில் குறளின் உயிரே அந்த அடைமொழியில்தான் இருக்கிறது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்ப்பதற்கு 1962 அக்டோபர் மாதத்தைவிடப் பொருத்தமான சந்தர்ப்பம் எனக்குத் தெரியவில்லை. கியூபாவில் சோவியத் அணு ஏவுகணைகள் நிறுவப்படுவதை அமெரிக்க உளவு விமானம் படம் பிடித்து, அந்தப் படங்கள் ஜனாதிபதி கென்னடியின் பார்வைக்கு 16-ஆம் தேதி வந்துவிட்டன. 18-ஆம் தேதி சோவியத் வெளிநாட்டு மந்திரி குரோமிகோ வெள்ளை மாளிகைக்கு வந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் சம்பாஷித்தார். கியூபாவுக்குத் தம் நாடு தரும் உதவியெல்லாம் அந்நாட்டின் தற்காப்புக்கே என்று அவர் அமைதியாகச் சொன்னார். அது உண்மையல்ல என்று கென்னடிக்குத் தெரியும். தமக்குத் தெரியும் என்பதை அவர் முகத்திலும் காட்டிக்கொள்ளவில்லை. ஜனாதிபதி ஏவுகணைகளைப் பற்றி நேரிடையாகக் கேட்கவே இல்லையே என்று பிற்காலத்தில் குரோமிகோ சமாதானம் சொன்னார். ஒருவர் பொய் சொன்னார், மற்றவர் மௌனத்தால் மறைத்தார். இருவரும் மரியாதையாகக் கைகுலுக்கிப் பிரிந்தார்கள்.

22-ஆம் தேதி இரவு கென்னடி தொலைக்காட்சியில் தோன்றி, கியூபாவுக்கு ஆயுதம் கொண்டுபோகும் கப்பல்களைத் தடுக்கப்போவதாக அறிவித்தபோது, அதற்கு அவர் தேர்ந்தெடுத்த பெயர் ‘குவாரன்டைன்’. நோய் கண்ட கப்பலைத் துறைமுகத்துக்கு வெளியே நிறுத்திவைப்பதற்கு வழங்கும் சொல் அது. நேர்மையான சொல் ‘பிளாக்கேட்’, அதாவது கடல் முற்றுகை. ஆனால் சர்வதேச சட்டப்படி முற்றுகை ஒரு யுத்தச் செயல். முற்றுகை என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால், யுத்தம் தொடங்கிவிட்டது என்று எதிர்த்தரப்பார் கொள்ளுவதற்கு வழி திறந்திருக்கும். மாஸ்கோவிலுள்ளவர்கள் இந்தப் பெயரைக் கண்டு ஏமாறவில்லை. ஆயினும் பின்வாங்குவதற்கு அந்தப் பெயர் அவர்களுக்கும் உதவிற்று. ஏமாறுவார் இல்லாத இடத்தில் பொய் ஏது என்று ஒருவர் வாதிக்கலாம். நான் அந்த வாதத்தை ஒப்புக்கொள்ளுகிறேன்.

உண்மையான சோதனை 27-ஆம் தேதி சனிக்கிழமை வந்தது. அன்று கியூபாவின்மேல் பறந்த உளவு விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு அதன் விமானி மாண்டார். துருக்கியிலிருக்கும் அமெரிக்க ஜூபிடர் ஏவுகணைகளையும் அகற்றவேண்டும் என்று சோவியத் தலைவர் குருஷேவ் அன்றே வானொலியில் பகிரங்கமாகக் கேட்டிருந்தார். அன்றிரவு ஜனாதிபதியின் தம்பியும் நீதித்துறைத் தலைவருமான ராபர்ட் கென்னடி, சோவியத் தூதர் டோப்ரினினைத் தம் அலுவலகத்துக்கு அழைத்து, துருக்கி ஏவுகணைகள் நாலைந்து மாதங்களில் போய்விடும், ஆனால் இதை ஒரு பேரமாக வெளியில் சொல்லக்கூடாது என்று வாக்களித்தார். மறுநாள் குருஷேவ் தம் ஏவுகணைகளை அகற்றுவதாக மாஸ்கோ வானொலி அறிவித்தது. இந்த ஏற்பாட்டை எழுத்தில் குறித்து சோவியத் தரப்பார் ஒரு கடிதம் கொண்டுவந்தபோது ராபர்ட் கென்னடி அதை ஏற்க மறுத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இத்தகைய காகிதங்கள் பின்னால் எங்கே, எப்போது தலைகாட்டும் என்று யாருக்குத் தெரியும் என்று அவர் சொன்னதாக டோப்ரினின் தம் அரசாங்கத்துக்கு எழுதினார். வாக்கு மட்டும் தவறவில்லை: 1963 ஏப்ரலுக்குள் ஜூபிடர்கள் துருக்கியை விட்டுப் போய்விட்டன.

காண்ட் இதற்கு என்ன சொல்லியிருப்பார்? நிரந்தர சமாதானத்தைப் பற்றி 1795-இல் எழுதிய நூலில் அவர் வகுத்த முதல் விதியே, எதிர்கால யுத்தத்துக்கு வித்தை இரகசியமாக ஒதுக்கிவைத்துக்கொண்டு செய்யும் உடன்படிக்கை உடன்படிக்கையே ஆகாது என்பதுதான். இங்கே இரகசியமாக ஒதுக்கி வைக்கப்பட்டதோ சமாதானத்தின் வித்து. கோடிக்கணக்கான உயிர்கள் ஒரு பக்கத்திலும், துருக்கிக்கும் மற்ற நேசநாடுகளுக்கும் சொல்லாமல் விட்ட ஒரு செய்தி மறு பக்கத்திலும் நிற்கும்போது, அந்த இரவின் மறைப்புக்கு வள்ளுவர் கொடுத்த இடம் உண்டு என்றே நான் நினைக்கிறேன். அதைப் பாவம் என்று சொல்லுகிற தர்மசாஸ்திரத்தை நான் வணங்குவேன், பின்பற்ற மாட்டேன்.

ஆனால் மறைப்பு அந்த இரவோடு நிற்கவில்லை. அபாயம் நீங்கிய பிறகு, இரகசியத்தைக் காப்பது வேறு, அதன் நிழலில் புகழ் தேடிக்கொள்ளுவது வேறு என்பது மறந்துபோயிற்று. ஐக்கிய நாடுகள் சபையில் அமெரிக்கப் பிரதிநிதியாக இருந்த அட்லாய் ஸ்டீவன்சன், நெருக்கடியின் தொடக்கத்திலேயே, துருக்கித் தளத்தை விட்டுக்கொடுத்துச் சமாதானம் செய்யலாம் என்று ஆலோசனைக் கூட்டத்தில் சொன்னவர். டிசம்பரில் வெளிவந்த பிரபல வாரப்பத்திரிகைக் கட்டுரை ஒன்று (அதை எழுதிய இருவரில் ஒருவர் ஜனாதிபதியின் நெருங்கிய நண்பர்), ஸ்டீவன்சன் இன்னொரு மியூனிக்கை விரும்பினார் என்று பெயர் சொல்லாத ஓர் அதிகாரியின் வாயிலாகக் குற்றம் சாட்டிற்று. 1938-இல் ஹிட்லருக்குச் செக்கோஸ்லோவாகியாவின் எல்லைப்பகுதியை விட்டுக்கொடுத்த மியூனிக்கின் பெயரைவிட இழிவான வசவு அந்தத் தலைமுறையில் கிடையாது. அவர் சொன்னதை அரசாங்கம் இரகசியமாகச் செய்து முடித்திருந்தது. சொன்னவருக்கு மட்டும் கோழை என்ற பெயர் மிஞ்சியது. உண்மை தெரிந்த விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் வாய் திறக்கவில்லை. சற்றும் விட்டுக்கொடுக்காமல் நின்றால் எதிரி தானே பணிவான் என்ற பாடத்தை அந்த அக்டோபரிலிருந்து பலர் கற்றுக்கொண்டார்கள். நடக்காத ஒன்றிலிருந்து கற்ற பாடம் அது. ஊரைக் காத்த பொய்க்கு உள்ள மன்னிப்பு, ஒருவன் மானத்தை விற்று நடத்திய பொய்க்கு இல்லை. நன்மை இருந்தது, குற்றமற்றதாக இல்லை.

ராபர்ட் கென்னடி அந்தப் பதின்மூன்று நாட்களைப் பற்றி எழுதிவைத்த நூல் அவர் மறைவுக்குப் பிறகு 1969-இல் வெளிவந்தபோதும், அவருடைய குறிப்பேட்டில் துருக்கி உடன்பாடு வெளிப்படையாக இருந்தும், அச்சில் அது மங்கலாக்கப்பட்டிருந்தது. அப்படி மாற்றியவன் தானே என்று, நூலைப் பதிப்பித்த தியோடர் சோரன்சன் 1989-இல் மாஸ்கோவில் நடந்த ஒரு மாநாட்டில் ஒப்புக்கொண்டார். ஸ்டீவன்சன் 1965 ஜூலையிலேயே லண்டனில் காலமாகியிருந்தார்.