சபுராளியின் பொருளும் உறவின் உரிமையும்

வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் சென்றவரைத் தமிழக முஸ்லிம்கள் சபுராளி, அதாவது பயணம் போனவர், என்று அழைப்பர். அவருடைய மாதச் சம்பளத்தை ரூபாயாக்கிப் பார்த்து அவரைச் செல்வர் என்று முடிவுகட்டும் உறவினர், தங்கையின் திருமணத்துக்கும் மச்சானின் கடை முதலுக்கும் அவர் தருவது மார்க்கக் கடமை என்றும் கருதுகின்றனர். இதில் ஒரு பாதி உண்மை: குர்ஆனின் 17ஆம் அத்தியாயம் 26ஆம் வசனம் உறவினருக்கு உரியதை வழங்கப் பணிக்கிறது. ஆனால் அதே வசனம் வழிப்போக்கரையும் உரிமையுடையவராகச் சேர்ப்பதும், 29ஆம் வசனம் கருமித்தனத்தைப் போலவே, இருப்பதையெல்லாம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பதையும் தடுப்பதும் குடும்பப் பேச்சில் இடம்பெறுவதில்லை.

மார்க்கச் சட்டம் பொருளை அளக்கும் முறை வேறு. ஜகாத் என்னும் கட்டாய தானம், மரபான சட்ட நூல்களின்படி, சம்பளத்தின்மீது விழுவதில்லை. செலவு போக மிஞ்சியது, தங்கக் கணக்கில் ஏறக்குறைய 85 கிராமின் மதிப்பாகிய நிசாப் என்ற வரம்பை எட்டி, ஒரு சந்திர ஆண்டு கைவசம் இருந்தால்தான் நூற்றுக்கு இரண்டரை வீதம் கடமையாகிறது. பெற்றோரைப் பேணுவதுகூட, அவர்கள் வறியவராயிருந்து, மகனிடம் தன் மனைவி மக்களின் தேவை போக எஞ்சியிருக்கும்போதே கட்டாயமாகும். கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் வழங்கும் ஷாஃபி சட்ட மரபில் உடன்பிறந்தாரும் மச்சானும் இக்கட்டாயப் பராமரிப்பு வட்டத்துக்குள் வருவதில்லை. அவர்களுக்குக் கொடுப்பது பெரும் நன்மை, ஆயினும் கடமையன்று.

எஞ்சுவது எவ்வளவு என்பதுதான் ஊருக்குத் தெரியாத செய்தி. இந்திய விதிகள் வெளிநாட்டு வேலைக்கு ஆளனுப்பும் முகவருக்கு அனுமதிக்கும் 30,000 ரூபாய்க் கட்டணத்தை மீறி விசாவுக்கெனப் பெருந்தொகை கைமாறுவதும், அது தாயின் நகையை அடகு வைத்துத் திரட்டப்படுவதும் அரிதல்ல. முதல் ஒன்றிரண்டு ஆண்டுச் சம்பளம் அக்கடனுக்கே போய்விடுவதுண்டு. இதை வெளியில் சொல்லாதிருப்பதைப் பலர் பொறுமை என்று கொள்கின்றனர். அம்மௌனத்தை நம்பி அடுத்த தம்பியும் கடன்பட்டு விமானம் ஏறுவதால், அதைப் பொறுமை என்று போற்றுவது பொருந்தாது.

குர்ஆனின் 9ஆம் அத்தியாயம் 60ஆம் வசனம் ஜகாத் பெறத் தகுந்த எட்டு வகையினரில் கடன்பட்டவரையும், ஊரில் சொத்திருந்தும் அயலிடத்தில் கைப்பொருளின்றித் தவிக்கும் வழிப்போக்கரையும் வைக்கிறது. நிலையான வேலையில் வாழ்பவர் வழிப்போக்கர் ஆகார். ஆனால் வேலையிழந்து ஊர் திரும்ப வகையற்றவர் அவ்வகையினரே, விசாக் கடனை அடைக்க இயலாதவர் கடன்பட்டவரே. ஆகவே ரமலானில் உறவினர் சபுராளியிடம் முதலில் கேட்க வேண்டியது, கடன் இன்னும் எவ்வளவு மீதி என்பதே. அவரால் அடைக்க முடியாத நிலையாயின், தங்கள் ஜகாத்தை அவருக்கே அனுப்பவும் அவர்கள் தயங்க வேண்டியதில்லை.