சிந்திய கதிர் யாருடையது?

அறுப்பு முடிந்து கட்டுகள் களத்துக்குப் போன பிறகு, தாள்களுக்கு நடுவே கொஞ்சம் கதிர் சிந்திக் கிடக்கும். கூடையோடு வந்து அதைப் பொறுக்குகிறவர்களில் புருஷனை இழந்த பெண்களும் அவர்களுடைய பிள்ளைகளும் எப்போதும் இருப்பார்கள். காஞ்சிபுரம் மாவட்டத்து ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் கார் ஆலை ஊர்களாவதற்கு முன்பு ஏரிப் பாசன ஊர்கள். சம்பா, நவரை, சொர்ணவாரி என்று பட்டம் பார்த்து நெல் விளைந்த மண். காணி நிலம் இல்லாத கைம்பெண்ணுக்கும் நடவு, களை, அறுப்பு என்று கூலி கிடைத்தது. கூலிக்கு மேல் இந்தச் சிந்தலும் இருந்தது.

அது பிச்சையா, பங்கா?

பைபிளின் உபாகமம் 24-ஆம் அதிகாரம் இதற்குச் சட்டமாகவே பதில் சொல்கிறது. வயலில் மறந்துவிட்ட கட்டை எடுக்க உழவன் திரும்பிப் போகக்கூடாது; அது அந்நியருக்கும் தகப்பனற்ற பிள்ளைக்கும் கைம்பெண்ணுக்கும் சேர வேண்டியது. கதிர் பொறுக்கி மாமியாரைக் காப்பாற்றிய ரூத் அப்படி வாழ்ந்த ஒரு கைம்பெண்தான். வள்ளுவர் ஒப்புரவுக்கு ஓர் அதிகாரம், ஈகைக்கு அடுத்த அதிகாரம் என்று இரண்டையும் பிரித்தே வைத்தார். ஈகை, இல்லாதவருக்குக் கொடுப்பது. ஒப்புரவு, ஊரோடு வாழ்கிறவன் ஊருக்குச் செய்தே தீர வேண்டிய கடமை. அதற்கு அவர் காட்டும் உவமைகளில் ஒன்று நீர் நிறைந்த ஊருணி. ஊருணியில் குடம் நனைக்கும் பெண்ணை இரப்பவள் என்று யாரும் சொல்வதில்லை. ஏரி மாவட்டம் என்று பெயர் வாங்கிய இந்தச் சீமைக்கு அதை விளக்க உரையாசிரியர் தேவையில்லை.

1017-இல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தவராக வைணவ மரபு போற்றும் இராமானுஜரும் இளமையிலேயே தந்தையை இழந்தவர். அவருக்குத் திருமணமாகிச் சில காலத்திலேயே தந்தை கேசவ சோமயாஜி மறைய, தாய் காந்திமதியோடு குடும்பம் காஞ்சிபுரம் போனது என்கின்றன குருபரம்பரை நூல்கள். உயிர்களும் உலகமும் இறைவனுக்கு உடல் என்பது அவருடைய தத்துவத்தின் உயிர்நாடி. அப்படியானால் அந்த உடலில் எந்த உறுப்பு அமங்கலம்? கை வாய்க்குச் சோறு ஊட்டினால் அதைத் தானம் என்று யாராவது சொல்வார்களா? இந்த இரண்டு கேள்விகளையும் அந்தத் தத்துவம் தாங்கும். தாங்காதது நம் வழக்கம்தான். பெற்ற மகளின் கல்யாணத்தில் தாலியைத் தொட்டு ஆசி கூறக்கூட முன்னால் வராமல் தூணோரம் ஒதுங்கி நிற்கும், கணவனை இழந்த தாய்மார்களை எந்த ஊரிலும் பார்க்கலாம். அவர்களை அங்கே நிறுத்தி வைப்பது பக்தி அல்ல, கொடுமை.

சட்டமும் மெதுவாகத்தான் நகர்ந்தது. இந்துப் பெண்களின் சொத்துரிமைச் சட்டம் 1937-இல் வந்தபோது கைம்பெண்ணுக்குக் கிடைத்தது ஆயுள்கால அனுபவம் மட்டுமே. அதிலும் விவசாய நிலம் அடங்காது என்று 1941-இல் ஃபெடரல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. உழவன் வீட்டில் நிலத்தைத் தவிர வேறென்ன சொத்து இருக்கும்? சென்னை மாகாணம் 1947-இல் அதை நிலத்துக்கும் நீட்டியது. முழு உரிமை 1956-இல்தான் வந்தது. ஆனாலும் தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பங்காளிகளின் கையெழுத்துக்கு அலைந்து, கூட்டுப் பட்டாவில் தன் பெயரைச் சேர்ப்பதற்குள் பல பெண்களுக்குப் பிள்ளைகள் வளர்ந்துவிடுகிறார்கள்.

இதற்கிடையில் வயல்கள் கைமாறின. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1996-இல் கால் ஊன்றியது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் 2010-இல் உற்பத்தி தொடங்கியது. ஆயிரமாயிரம் வீடுகளில் அடுப்பெரிய இந்த ஆலைகள் காரணம். அதை மறுப்பது நியாயமில்லை. ஆனால் இழப்பீட்டுப் பணம் பட்டாவில் இருந்த பெயரைத் தேடிப் போனது. நடவு மட்டுமே தெரிந்த நாற்பது வயதுக் கைம்பெண்ணின் பெயர் எந்தப் பட்டாவிலும் இல்லை. இருபது வயதுக்காரர்களைத் தேடும் ஒப்பந்த முகவர்கள் அவளுக்குத் தருவது கேன்டீன் வேலை, துப்புரவு வேலை. நெல் வயலில் தாளுக்கு நடுவே அவளுக்கென்று எப்போதும் ஏதோ மிஞ்சியது. மதில் சுவருக்குள் அப்படி எதுவும் சிந்துவதில்லை.

சிந்திய கதிரின் இடத்தில் இன்று நிற்பது அரசு. 1975-இல் தமிழகத்தில் தொடங்கிய ஆதரவற்ற விதவையர் உதவித்தொகை 2023 முதல் மாதம் 1,200 ரூபாய். 2025 செப்டம்பரில் தொடங்கிய ‘அன்புக் கரங்கள்’ திட்டம், பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் வளர்க்க இயலாத பிள்ளைகளுக்கும் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் தருகிறது. தொகை போதாது என்பது உண்மை. ஆனால் கொடுக்கும்போது சலுகை என்று பேசுவதும், வாங்கும்போது கூனிக் குறுகுவதும் தொகையைவிடப் பெரிய குறை. சிந்திய கதிருக்கு அவள் யாருக்கும் நன்றி சொன்னதில்லையே!

மத்திய அரசின் 2013 நிலம் கையகப்படுத்தும் சட்டம் ஒரு நல்ல வரியைச் சேர்த்தது: கைம்பெண்கள், மணமுறிவு பெற்றவர்கள், கைவிடப்பட்டவர்கள் தனிக் குடும்பமாகக் கருதப்படுவார்கள். மேலே சொன்ன ஆலைகள் வந்தபோது அந்த வரி இல்லை. இப்போது பக்கத்திலேயே பரந்தூர் விமான நிலையத்துக்காக நிலம் எடுக்கும் வேலை நடக்கிறது. அதற்கு நிலம் கேட்கப்படும் ஏகனாபுரத்து மக்கள் 2022 முதல் எதிர்த்துப் போராடி வருகிறார்கள். அங்கே அண்ணன் வீட்டுப் பின்கட்டில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கும் ஒரு கைம்பெண் தனிக் குடும்பமா, அண்ணன் குடும்பத்தில் மூன்று தலைகளா என்பது கணக்கெடுப்பவர் பதிவேட்டில் எழுதப்போகும் ஒரு வரியில் இருக்கிறது.